வலப்பக்கத்து ஒரு சாண்

அன்புள்ள பிள்ளைக்கு,

மருமகன் கையில் கொடுத்து அனுப்புகிற பொதியை, இதை வாசித்து முடிக்கும்வரை பிரிக்காதே. உன் பொறுமை எனக்குத் தெரியும். சின்ன வயதில் கேக் பெட்டியின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தவள் நீ. ஆனாலும் இந்த ஒருமுறை அப்பாவின் சொல்லைக் கேள். உள்ளே இருப்பது நீ வாங்கிய படம்தான், ஆனால் நீ வாங்கிய மாதிரி இல்லை. அதை வெட்டியவன் நான். நேரே சொல்லத்தான் ரெலிபோனை எடுத்தேன். எடுத்து, "சாப்பிட்டியோ பிள்ளை" என்று கேட்டேன், மழையைப் பற்றிக் கதைத்தேன், வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு வெட்கமாக இருக்கிறது.

எத்தனை வருடமாகப் பிரேம் போடுகிற மனுசன், ஒரு படத்தை வெட்டலாமா கூடாதா என்று தெரியாதா என்று நீ கேட்பாய். தெரியாது பிள்ளை, அதுதான் உண்மை. என் கடைக்கு வருகிற படங்களை நீ பார்த்து வளர்ந்தவள். மடு மாதா, திருக்கேதீஸ்வரத்து அம்மாள், மக்கா, மூன்றுக்கும் ஒரே கண்ணாடி, ஒரே சிற்றாணி. கலியாணப் படம், செத்த வீட்டுப் படம், பட்டம் வாங்கிய படம். ஹோலுக்கென்று கேட்கிறவர்களுக்கு அருவி, பனிமலை, கன்னத்தில் கை வைத்த வெள்ளைக் குழந்தை. எல்லாம் அச்சு. அச்சுப்படத்துக்குச் சுற்றிவர வெள்ளை விளிம்பு இருக்கும். கலண்டர்ப் படமென்றால் கீழே அச்சகத்தின் பெயரும் புடவைக்கடையின் பெயரும் இருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கண்ணாடிக்குள் வைப்போம். ஓரம் எடுக்கிறது என்று சொல்வோம். கை பிசகினால் அடுக்கிலிருந்து இன்னொன்றை உருவி எடுப்போம். இத்தனை காலத்தில் ஒரு படத்தையாவது யார் வரைந்தது, யார் கீறியது என்று நான் கேட்டதில்லை. வாங்க வருகிறவர்களும் என்னிடம் கேட்டதில்லை.

படங்களை வைத்து நான் உனக்குச் சொன்ன முதல் பொய்யை நீ மறந்திருக்க மாட்டாய். மண்டபம் அகதி முகாமில் எங்கள் அறைச் சுவரின் வெடிப்பை மறைக்க ஒரு கலண்டர்ப் படம் ஒட்டியிருந்தேன். பச்சை மலை, மலையிலிருந்து கொட்டுகிற தண்ணீர், கீழே ஒரு வீடு. அங்கேதான் நீ பிறந்தாய், அதைப் பார்த்துத்தான் படுத்தாய். எங்கட ஊர் எப்பிடி இருக்கும் அப்பா என்று நீ கேட்டபோது, அன்றைக்கு வேலை கிடைக்காத எரிச்சலில் இருந்த நான் சுவரைக் காட்டி, "இப்பிடித்தான்" என்றேன். ஒரு சொல்லில் உன்னைப் படுக்க வைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் பெருமை வேறு பேசினேன். பிறகு நாங்கள் திரும்பி வந்த நாளில், பஸ் மன்னார்ப் பாலத்தில் ஏறியபோது நீ சீற்றில் எழும்பி நின்று இரண்டு பக்கமும் பார்த்தாய். "மலை எங்க அப்பா?" என்றாய். சுற்றிவரக் கடலும் சேறும் வெயிலும்தான். முன்சீற்றில் இருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் உன்னை இழுத்து இருத்தி, பேசாமல் இரு என்று அதட்டினேன்.

அப்படிப்பட்டவன்தான், நீ வவுனியாவில் வீடு கட்டி முடித்ததும், லைற் எரிகிற அருவிப் படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். தண்ணீர் ஓடுகிற மாதிரி மினுங்கும், கடையில் அதற்குத்தான் நல்ல கேள்வி. நீ அதைப் பார்த்துவிட்டு மெல்லமாகச் சொன்னாய்: "அப்பா, குறை நினைக்காதேங்கோ. ஹோல்ச் சுவரை மட்டும் விடுங்கோ. அதுக்கு நான் ஒண்டு பாத்து வச்சிருக்கிறன்." நான் குறை நினைத்தேன். நன்றாகவே நினைத்தேன். திரும்பி வருகிற வழி முழுக்க அருவியை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். நீ பார்த்து வைத்திருந்தது பேசாலையில் சித்திரம் படிப்பிக்கிற ரீச்சர் கையால் கீறிய கழுதைப் படம் என்று பிறகு தெரிந்தது. விலையைச் சொன்னாய், நான் கதிரையில் இருந்துவிட்டேன். கழுதை வேண்டுமென்றால் என் கடையிலேயே இருக்கிறதே, 'என்னைப் பார் யோகம் வரும்' என்று பல்லைக் காட்டிக்கொண்டு. மன்னார் பஸார் முழுக்கக் கழுதை. காசு கொடுத்து அதை வாங்கி ஹோலில் மாட்டுகிற ஆளை நான் கண்டதில்லை. சம்பந்தி வீட்டார் புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்து நின்று என்ன சொல்வார்கள் என்றுதான் என் யோசனை ஓடியது.

ரீச்சர் படத்தைக் குழாயில் சுருட்டி ஓட்டோவில் அனுப்பியிருந்தார். மேசையில் விரித்தேன். இடப்பக்கம் மதில், மதில் நிழலில் படுத்திருக்கிற கழுதைகள், ஒன்று மட்டும் எழும்பி நிற்கிறது. வலப்பக்கம் வெறும் மணல். வெயிலில் வெளுத்த மணல், அதில் சிவப்பாக ஏதோ ஒரு தீற்றல், மூலையில் சின்னதாக ஒரு பெயர். கழுதையோ குதிரையோ, பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியது, பிரேமாவது ராசா வீட்டுப் பிரேமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பொன்நிறத்தில் பூ வேலை செய்த பிரேம் கம்பு கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன், உனக்கென்றே எடுத்து வைத்தது. அளந்து பார்த்தால் படம் கம்பைவிட ஒரு சாண் நீளம். கம்பைக் குறைக்கலாம், நீட்ட முடியாது. படத்தில் ஒன்றும் இல்லாத பக்கம் எது என்று பார்த்தேன். அடிமட்டத்தை வைத்தேன், வெட்டினேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வெட்டினேன், அந்தச் சாக்குக்கும் இடமில்லை.

வெட்டிய துண்டு நல்ல தடிப்பான துணியாக இருந்தது. கண்ணாடி வெட்டுகிற மேசையின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது உனக்கும் தெரியும். துண்டை மடித்து அந்தக் காலுக்கு அண்டை கொடுத்தேன். ஆட்டம் நின்றது. எனக்கு அன்றைக்கு நல்ல திருப்தி.

அடுத்த கிழமைதான் நீ ரெலிபோன் எடுத்தாய். அந்தக் கதையை நீ எப்படிச் சொன்னாய் என்பது இன்னும் காதில் நிற்கிறது.

"அப்பா, படத்தை விரிச்சுப் பாத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை, பிரேமும் போட்டாச்சு."

"அப்ப கண்டிருப்பியள். குடிபூரல் வரைக்கும் சொல்லக்கூடாதெண்டுதான் இருந்தனான், ஏலாமப் போச்சு. வலப்பக்கம் மணலுக்குள்ள அந்தப் படி. தாழ்வுபாட்டு ரோட்டில எங்கட வீட்டுப் படி அப்பா. ரீச்சருக்கு ஆரின்ர வீடெண்டே தெரியாது, முந்தி ஒருக்கா சும்மா போகேக்க கண்டு கீறினவவாம். கண்டவுடன எனக்கு அழுகை வந்திட்டுது. கழுதைக்காக இல்லை, அதுக்காகத்தான் வாங்கினனான். அம்மாவுக்குக் காட்டிப்போடாதேங்கோ. வந்து அவவா காணட்டும். உங்களுக்குத் தெரிஞ்சுதோ?"

"ஓம்," என்றேன். "தெரிஞ்சுது."

இது இரண்டாவது பொய். போனை வைத்துவிட்டு நிலத்தில் முழங்காலில் இருந்து, மேசையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, துண்டை உருவினேன். மேசைக்காலின் அடி வட்டமாகப் பதிந்து, மடிப்பு விழுந்த இடத்தில் நிறம் உரிந்து மாவாகக் கொட்டியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிவப்புத் தீற்றல் என்று நான் நினைத்தது படிதான். வீடு இல்லாமல், மணலுக்குள்ளிருந்து ஏறி ஒன்றுமில்லாத இடத்தில் போய் நிற்கிற படி. கலியாணமான வருடம் சீமெந்துக்குச் சிவப்புக் கலந்து என் கையால் நான் மினுக்கியது. வீடு கட்டியவனுக்கு அது தெரியவில்லை. அங்கே ஒரு பகல் இருந்த பிள்ளைக்குப் படத்தில் கண்டவுடன் தெரிந்திருக்கிறது.

அந்த ஒரு பகல் எனக்கு நினைவிருக்கிறது. திரும்பி வந்து காணியில் இறங்கியபோது சுவர் இல்லை, கதவுநிலை இல்லை, கிணற்றுக்கட்டின் கல்லைக்கூடக் கழற்றியிருந்தார்கள். அம்மா உன்னைப் படியில் இருத்தி, பார்சலை அவிழ்த்துப் பாணும் சம்பலும் தீத்தினார். நீ "வீட்டுக்குள்ள எப்ப போறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் ரோட்டில் போய் நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் காணியைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. வந்த முதல் ஆளுக்கே எழுதிக் கொடுத்தேன், உன்னையும் அம்மாவையும் கேட்கவில்லை. வாங்கியவர் நிலத்தை மட்டமாக்கி மீன்வாடி போட்டுவிட்டார். இப்போது படி இருந்தது ரீச்சரின் படத்தில் மட்டும்தான். அதைத்தான் நான் மேசைக்காலுக்குக் கொடுத்தேன்.

இனி வெட்கக்கேட்டின் மிச்சத்தையும் கேள். உடனே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. துண்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசாலைக்குப் போனேன். ரீச்சர் முற்றத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். நான் கடைக்காரன் கதைக்கிற மாதிரியே கதையைத் தொடங்கினேன்.

"ரீச்சர், மகள் எடுத்த படத்தில இன்னொண்டு இருக்குமோ?"

"இன்னொண்டோ?" அவருக்கு விளங்கவில்லை. "அண்ணை, அது அச்சடிச்சதில்லையே. அது ஒண்டுதான்."

"அப்ப அதே மாதிரித் திரும்ப ஒண்டு கீறித் தருவியளோ? காசு பிரச்சினையில்லை."

"கழுதையைக் கீறலாம். படியை எங்க போய்ப் பாத்துக் கீற? அங்க இப்ப வாடியெல்லோ நிக்குது." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "படத்துக்கு என்ன நடந்தது?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மடியில் விரித்து, வெட்டிய கரையில் விரலை ஓட்டினார். கோபத்தில் கத்துவார் என்று நின்றேன்.

"நல்ல நேரா வெட்டியிருக்கிறியள் அண்ணை," என்றார். "கை நடுங்கேல்லைப் போல. என்ர பேரையும் சேத்தெல்லோ வெட்டியிருக்கிறியள்."

அச்சகத்தின் பெயராக்கும் என்று நினைத்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன். அது என்ர வீட்டுப் படி ரீச்சர் என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். படிப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் போகச் சொல்லிவிட்டு, கடுதாசியும் பென்சிலும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உரிஞ்ச இடத்தில என்ன இருந்ததெண்டு எனக்கே வடிவா ஞாபகமில்லை, கட்டினவர் நீங்கள், நீங்கள் கீறிக் காட்டுங்கோ என்றார். பென்சிலை எடுத்தேன். மூன்று படி கீறினேன். அழித்து இரண்டு கீறினேன். விளிம்பு வளைவா சதுரமா என்று கேட்டார். யோசித்துக்கொண்டே இருந்தேன். கலண்டரில் இருந்த மலையும் அருவியும் அதற்குக் கீழே இருந்த வீடும் அப்படியே கண்ணுக்குள் வந்தது. என் படி வரவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ மறைத்து வைத்த ஆச்சரியத்தையும் நான்தான் கெடுத்தேன், அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள். அம்மா துண்டை வாங்கி யன்னலடிக்குக் கொண்டுபோனார்.

"ரெண்டு படி," என்றார். "மூண்டெண்டோ சொன்னனீங்கள்?"

"எனக்கு ஞாபகமில்லையப்பா."

"உங்களுக்கு எப்பிடி ஞாபகம் இருக்கும்? ஒரு நாளாவது அதில இருந்தனீங்களே? மீன் வெட்டினது நான், அரிசி புடைச்சது நான், நீங்கள் எப்ப வருவியளெண்டு பாத்துக்கொண்டு இருந்ததும் நான்." பிறகு கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, இஞ்ச வாங்கோ. இது என்னெண்டு தெரியுதோ?" என்றார்.

மேற்படியில் மடிப்பு விழாத பக்கத்தில் வெள்ளையாக ஒரு சின்ன மினுக்கம் இருந்தது. நிறம் சொட்டியிருக்கிறது என்றேன்.

"சொட்டேல்லை. அது தண்ணி. சீமெந்து காயமுன்னம் நீங்கள் மிதிச்சுப்போட்டு, நான் ஏசினன் எண்டு அண்டைக்குச் சாப்பிடாமப் படுத்தனீங்கள். உங்கட குதிக்கால் பள்ளம். மழைக்கு அதில தண்ணி நிக்கும், காகம் வந்து குடிக்கும். அந்த மனுசி அதையும் விடாமக் கீறியிருக்கிறா."

பிள்ளை, அந்தப் பள்ளம் எனக்கு அப்போதும் நினைவு வரவில்லை. அம்மா சொன்னதால் நம்புகிறேன். நாங்கள் ஓடினோம், வீடு போனது, காணியை விற்றேன், மட்டமாக்கினார்கள். யாரென்றே தெரியாத ஒருத்தி ரோட்டில் நின்று, என் குதிக்காலில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துக் கீறி வைத்திருக்கிறாள். நான் கடையில் விற்ற ஆயிரம் அருவியில் ஒரு சொட்டுத் தண்ணீராவது எங்களுடையதா? அன்றைக்கு இராச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அம்மா சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்ப் பூனைக்கு வைத்தார்.

மறுநாள் இருவருமாக ரீச்சரிடம் போனோம். பின்னால் புதுத் துணி வைத்து இரண்டு துண்டையும் சேர்த்துத் தந்திருக்கிறார். உரிந்த இடத்துக்கு நிறம் வைக்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா, "வேண்டாம் பிள்ளை, இருக்கிறது போதும்" என்றார். வெட்டு மேலிருந்து கீழே கோடாகத் தெரியும், மேசைக்காலின் வட்டமும் தெரியும். பொன்நிறப் பிரேமைக் கழற்றிவிட்டேன். வேப்பம் பலகையில் வெறும் சட்டம் அடித்திருக்கிறேன், படத்தின் அளவுக்கு, ஒரு நூல்கூடக் குறையாமல். கண்ணாடி போடவில்லை. கையால் வைத்த நிறத்துக்கு மூச்சு வேண்டுமாம், ரீச்சர் சொன்னார். சாமிப்படம் மாதிரிக் கதவுக்கு மேலே உயர்த்தி மாட்டாதே, கண்மட்டத்துக்கு மாட்டு, பின்னேர வெயில் படாத சுவராகப் பார். ரீச்சரின் பெயர் இப்போது உள்ளேதான் இருக்கிறது. குடிபூரலுக்கு அவரைக் கூப்பிடு. வருகிற எல்லோருக்கும் இவதான் கீறினவ என்று காட்டு. என் கடையில் நான் யாருக்கும் செய்யாத மரியாதை அது.

நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறக்கும். சுவரைக் காட்டி, எங்கட ஊர் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். மலை இல்லாத ஊரை மலை இல்லாமலே கீறிய படம் உன்னிடம் இருக்கிறது, நீ என்னைப்போல் வாய்க்கு வந்ததைச் சொல்லத் தேவையில்லை. கையில் வசதி வரும்போது இன்னும் ஒன்று இரண்டு வாங்கு. கதிரையின் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காதே. அச்சுப்படத்தோடு ஒத்துப் பார்த்து விலை குறைக்கக் கேட்காதே. சம்பந்தி என்ன சொல்வார் என்று யோசிக்காதே, அந்த யோசனையெல்லாம் நான் உனக்கும் சேர்த்து யோசித்து முடித்துவிட்டேன். ஒன்று உன் மனதைப் பிடித்து நிறுத்தினால் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார். வேறொன்று இல்லாத பொருளை எப்படிக் கையில் பிடிப்பது என்று எனக்கு யாரும் பழக்கவில்லை. நீயாகப் பழகியிருக்கிறாய்.

இனிப் பொதியைப் பிரி. கோபம் வந்தால் கோபப்படு, ஏசவேண்டுமென்றால் எடுத்து ஏசு, நான் போனை வைக்க மாட்டேன். குடிபூரலுக்கு நானும் அம்மாவும் முதல் பஸ்ஸில் வருகிறோம். வருகிறவர்கள் படத்துக்குக் கிட்டப் போவார்கள், ஏன் இதில் வெட்டு என்று கேட்பார்கள். எனக்காகக் கதையை மாற்றாதே, வரும்போது சேதமானது என்று சொல்லிவிடாதே. அப்பா வெட்டினவர் என்று சொல்லு. நான் பக்கத்தில் நின்றாலும் சொல்லு.

அப்பா